தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

கொங்கு நாட்டில் எந்த ஊருக்குப் போய் யாரைக் கேட்டாலும் சரி, வைத்திய சாஸ்திரத்தில் ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடவேண்டும் என்பதுதான் அது. ரத்தக் கொதிப்புக்கு எந்த மருந்து உத்தமம் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. சர்க்கரை வியாதிக்குக் கம்பு நல்லதா, கேழ்வரகு நல்லதா என்பதில் வீட்டுக்கு வீடு கட்சி உண்டு. ஆனால் 14 ஊசி விஷயத்தில் பல்லடத்துக்கும் பவானிக்கும், தாராபுரத்துக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் பூரண ஒற்றுமை நிலவுகிறது.

இதில் சங்கடம் ஒன்றே ஒன்றுதான். அந்த 14 ஊசி இந்தத் தேசத்தை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது!

இல்லாத ஊசிக்கு யாராவது பயப்படுவார்களா என்று நேயர்கள் கேட்கலாம். பயப்படத்தான் செய்கிறார்கள். சூலூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய பேரனை முதல் நாள் ஒரு நாய்க்குட்டி கையில் கடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லையா என்று விசாரித்தோம்.

"அட, குட்டி நாய்தானுங்க! பல்லுப் பட்டதும் படாததுமா இருக்குது. அதுக்குப் போயி பச்சப் புள்ளை வயித்துல பதனாலு ஊசி குத்தோணுமுங்களா? சுண்ணாம்பும் மஞ்சளும் வெச்சுக் கட்டியிருக்குதுங்க. செரியாப் போயிருமுங்க" என்றார்.

"வயிற்றில் ஊசி போடும் வழக்கமே இப்போது இல்லைங்க. கையில்தான் போடுகிறார்கள். அதுவும் நாலைந்து நாள் போய்வந்தால் தீர்ந்தது" என்று சொன்னோம்.

பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாலுமுங்களா?" என்றார். அன்று மாலையே பேரனுக்கு முதல் ஊசி போட்டாயிற்று.

பெரியவர் பேரன்மீது உயிரை வைத்திருப்பவர். அந்தப் பிரியந்தான் குழந்தையை வைத்தியசாலைக்குப் போகாமல் தடுத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோயோ தயை தாட்சண்யம் அறியாதது. கடித்த பிறகு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரையில் ஓசைப்படாமல் நரம்புகளின் வழியாக மூளையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அந்த அவகாசத்தில் ஊசி போட்டுக்கொண்டால் தப்பலாம். தண்ணீரைக் கண்டு தொண்டை இழுத்துக்கொள்ளும் குறி தோன்றிவிட்டதோ, அப்புறம் எந்த வைத்தியராலும் ஒன்றும் செய்ய இயலாது. குறி தோன்றியபின் பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலும் சில டஜன் பேருக்கு மேல் இல்லை.

ஆகையால் இந்த 14 ஊசி எங்கிருந்து வந்தது, ஏன் போயிற்று, போகவேண்டிய காலத்தில் போயிற்றா என்பதை விசாரிப்பது வெறும் சரித்திர ஆராய்ச்சி அன்று. அந்த விசாரணைக்கு நாம் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி மலைமேல் போகவேண்டும்.

குன்னூருக்கு வந்த கதை

1885-ஆம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் மகான், வெறிநாயால் பல இடங்களில் கடியுண்ட ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசியைப் போடச் செய்தார். நோய் கண்டு இறந்த முயலின் முதுகுத் தண்டை உலர்த்தி, அதன் வீரியத்தைக் குறைத்துச் செய்த மருந்து அது. பத்துப் பதினோரு நாட்களில் 13 ஊசிகள் வயிற்றுப் பக்கத்துத் தோலின் கீழ் போடப்பட்டன. பையன் பிழைத்தான். வயிற்றில் ஊசி போடும் சம்பிரதாயம் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது என்று சொல்லலாம்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்காக 1900-இல் இமயமலைச் சாரலில் கஸௌலி என்ற இடத்தில் ஒரு பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. கோயமுத்தூரில் நாய் கடித்தவர் கஸௌலிக்குப் போக வேண்டுமானால் 1,500 மைலுக்குக் குறையாத பிரயாணம்! பணமும் பழக்கமும் உள்ளவர்களுக்கே அது பிரம்மப் பிரயத்தனம். தோட்டத்தில் மாடு மேய்க்கும் சிறுவனுக்குக் கஸௌலி ஒன்றுதான், கைலாசம் ஒன்றுதான். 1902-இல் தென்னாட்டில் இருந்த ஓர் இளம் ஆங்கில மங்கை தக்க சிகிச்சை கிடைக்காமல் இந்த நோயால் மாண்டாள். அதற்குமுன் எத்தனையோ நம்மவர் மாண்டிருந்தும் அசையாத சர்க்கார், அதன் பிறகு அசைந்தது. ஹென்ரி பிப்ஸ் என்ற அமெரிக்கத் தனவந்தர் ராஜப் பிரதிநிதி கர்ஸன் பிரபுவிடம் ஒப்படைத்திருந்த நன்கொடையில் ஒரு பகுதி பூஸா விவசாய ஆராய்ச்சிக்குப் போயிற்று. மற்றொரு பகுதி இதற்கு வந்தது. 1907-இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தன் வேலையைத் துவக்கியது.

இடம் பொருத்தமானதுதான். நீலகிரி 1868 வரையில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் மலை ரயில் 1899-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டிகள் இல்லாத அந்தக் காலத்தில் மலையின் குளிரே மருந்துக்குப் பாதுகாப்பு. தென்னாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் கட்டுப்போட்ட கையும் காலுமாய் ஜனங்கள் ரயில் ஏறினார்கள். "குன்னூருக்குப் போய் வந்தான்" என்றால், யமனைக் கண்டு திரும்பினான் என்று அர்த்தமாயிற்று.

ஆட்டு மூளையின் உபகாரம்

1911-இல் கஸௌலியில் டேவிட் ஸெம்பிள் என்ற டாக்டர் ஒரு புது முறையைக் கண்டார். நோய்க்கிருமியைச் செம்மறியாட்டின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று மருந்தாக்குவதே அம்முறை. கிருமி செத்துவிட்டபடியால் மருந்தைப் புட்டியில் அடைத்து வெளியூர்களுக்கும் அனுப்பலாம். ஏழை நாடுகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். நாளடைவில் எல்லாரும் குன்னூருக்கே போகவேண்டும் என்ற நிலைமை மாறி, கீழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் குன்னூரே புட்டியில் இறங்கி வந்தது. நிலையத்தின் பெயர் பிரெஞ்சு, கட்டிய பணம் அமெரிக்கா, நடத்திய அதிகாரம் இங்கிலாந்து. ஆடு மட்டும் சுதேசி!

14 ஊசியின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. ஆட்டு மூளை மருந்தில் கிருமியின் அம்சம் கொஞ்சம்; மூளையின் அம்சம் அதிகம். ஆகவே மருந்து பலஹீனமானது. ஒரு தரம், இரு தரம் போட்டால் உடம்பு அதைப் பொருட்படுத்தாது. தினந்தோறும் தட்டி எழுப்பவேண்டும். ஒவ்வொரு தடவையும் செலுத்தவேண்டிய அளவும் அதிகம். அவ்வளவு மருந்தைத் தாங்கக் கையில் இடம் போதாது. வயிற்றுத் தோல்தான் தாராளமாய் இடம் கொடுக்கும். நேற்றுக் குத்திய இடம் இன்று வீங்கியிருப்பதால், இன்றைக்கு வேறு இடம். இப்படியாகத் தொப்புளைப் பிரதட்சிணம் செய்யும் வழக்கம் உண்டாயிற்று. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மருந்தின் பலஹீனத்துக்கு ஏழை மக்களின் வயிறு செலுத்திய வரி அது.

இந்த மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை நாம் ஒரு நாளும் மறக்கலாகாது. பிற்காலத்தில் குன்னூர் நிலையத்தின் தலைவராயிருந்த டாக்டர் வீரராகவன் முதலியோர் செய்த ஆராய்ச்சிகளை உலகெங்கும் உள்ள நிபுணர்கள் மேற்கோள் காட்டினார்கள். கார்பாலிக் அமிலத்துக்குப் பதிலாக வேறொரு ரசாயனத்தைக் கொண்டு மருந்தைச் சீர்திருத்தியதும் குன்னூரே. நம்மவர் கையில் அந்த நிலையம் சோம்பிக் கிடக்கவில்லை.

தெரிந்தபின் தாமதம்

ஆனால் ஆட்டு மூளைக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. நரம்புகளைச் சுற்றி மின்சாரக் கம்பியின் உறைபோல ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆட்டின் உறையும் மனிதனின் உறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. 14 நாள் ஆட்டு மூளையைச் செலுத்தினால், உடம்பு அதை அந்நியன் என்று கருதி எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்ட பாடத்தை, துரதிருஷ்டவசமாக, சிலர் உடம்பு தன் சொந்த நரம்பின்மீதே பிரயோகித்துவிடும். அவர்களுக்குக் கைகால் விழுந்துவிடும்; சிலர் இறந்தும் போவார்கள். பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு என்று சில இடங்களிலும், சில நூறு பேரில் ஒருவருக்கு என்று வேறு இடங்களிலும் கணக்குச் சொன்னார்கள்.

இது யாரும் அறியாத மர்மம் அன்று. 1933-லேயே அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், நோய்க்கிருமியே இல்லாத வெறும் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசி மூலம் செலுத்தினால் குரங்குகளுக்கு மூளை நோய் உண்டாகிறது என்று காட்டிவிட்டார்கள். ஆயினும் மருந்தை அப்போது நிறுத்தச் சொல்லியிருந்தால் அது மதியீனமாயிருக்கும். வெறிநாய் கடித்தவனுக்கு ஒரு பக்கம் நிச்சயமான மரணம். இன்னொரு பக்கம் எப்போதோ ஒருவருக்கு நேரக்கூடிய பக்கவாதம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சந்தேகமே இல்லை. வேறு நல்ல மருந்து இல்லாத வரையில் இந்த நியாயம் அசைக்க முடியாதது.

"வேறு நல்ல மருந்து இல்லாத வரையில்" என்றோம். அந்த வரை எங்கே முடிந்தது என்று பார்ப்போம்.

1955-இல் சிலி தேசத்தில், நரம்புறை இன்னும் முற்றாத பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் மூளையிலிருந்து மருந்து செய்தார்கள். ஆபத்து குறைந்தது. 1960-களில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் விஸ்டார் நிலையத்தில், மூளையே வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த மனித உயிரணுக்களில் கிருமியைப் பயிர் செய்தார்கள். 1970-களின் மத்தியில் ஈரானில் அதற்குக் கடும் பரீட்சை நடந்தது. வெறிகொண்ட நாய்களாலும் ஓநாய்களாலும் கடியுண்ட 45 பேருக்குப் புது மருந்து ஆறே ஊசியும், அதனுடன் நோயை எதிர்க்கும் சீரமும் கொடுத்தார்கள். 45 பேரும் பிழைத்தார்கள். இந்த வெற்றி 1976-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1984-இல் உலக சுகாதார ஸ்தாபனம், மூளை மருந்துகளைக் கைவிட்டு உயிரணு மருந்துக்கு மாறுங்கள் என்று எல்லாத் தேசங்களுக்கும் யோசனை சொல்லியது.

இந்தியாவில் ஆட்டு மூளை மருந்தின் உற்பத்தி எப்போது நின்றது தெரியுமா? 2004-ஆம் வருஷத்தின் இறுதியில்.

இடையிலே 20 வருஷம். காரணம் இல்லாமல் இல்லை. புது மருந்து மகா விலை. நம் நாட்டில் நாய் கடிபடுகிறவர்களோ வருஷத்துக்கு லட்சக்கணக்கானவர்கள். அத்தனை பேருக்கும் வாங்கக் கஜானா இடம் கொடாது என்றார்கள். அதன் பலன் என்னவாயிற்று? ஒரே தெருவில் ஒரே நாய் இரண்டு பிள்ளைகளைக் கடித்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி டாக்டரிடம் கையில் ஐந்து ஊசி. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இலவசமாக வயிற்றில் பத்துப் பதினான்கு ஊசி. நோய் இருவருக்கும் ஒன்று, நரம்பும் ஒன்று, மருந்து மட்டும் இரண்டு ஜாதி! ஒரு வழக்கம் உயிரைக் காத்தது என்பதற்காக அதற்கு நன்றி செலுத்தலாம். அதைவிடச் சிறந்தது தெரிந்த பிறகும் ஏழைகளுக்கு அதுவே போதும் என்று வைத்துக்கொள்வது நன்றியாகாது.

அரைக்கால் பங்கு மருந்தின் வெற்றி

கஜானாவின் கஷ்டத்துக்கு ஒரு வழி கிடைத்தது. வழி காட்டியது லண்டனும் அன்று, நியூயார்க்கும் அன்று. நம்மைப் போன்ற மற்றோர் ஆசிய நகரமான பாங்காக். அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கத்து டாக்டர்கள் 1980-களில் ஒரு யுக்தி செய்தார்கள். மருந்தைத் தசைக்குள் ஆழமாகக் குத்துவதற்குப் பதிலாக, அம்மை ஊசி மாதிரித் தோலுக்குள்ளேயே மிகச் சிறிதளவு செலுத்தினார்கள். நோயை எதிர்க்கும் உடம்பின் காவலர்கள் தோலில்தான் நெருக்கமாக நிற்கிறார்கள். அதனால் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில் போட்டாலே போதுமான எதிர்ப்புச் சக்தி உண்டாயிற்று. ஒருவருக்கு ஆகும் மருந்தில் பலருக்குப் போடலாம். 2006-இல் இந்தியாவும் இம்முறையை அங்கீகரித்தது. இம்முறைப்படி முதல் நாள், பின்னர் 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு தடவை போய்வந்தால் சிகிச்சை முடிந்தது. தசையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தடவை. இரண்டிலும் இடம் பெரியவர்களுக்குத் தோள்பட்டைக்குக் கீழே உள்ள கைதான். வயிறு தப்பித்தது.

மருந்தும் நம் மலையிலேயே தயாராகிறது என்று அறிவதில் கொங்கு நாட்டாருக்கு ஒரு பெருமிதம் இருக்கலாம். ஆட்டு மூளையை அரைத்த குன்னூர் நிலையமே பிற்பாடு உயிரணு முறையில் மருந்து செய்யக் கற்றுக்கொண்டது. உதகமண்டலத்தில் 1999-இல் ஏற்பட்ட மற்றொரு நிலையமும் அவ்வாறே செய்கிறது. பழைய வழக்கத்தைப் பரப்பியவர்களே புதியதையும் கைக்கொண்டதைப் போல மதிப்புக்குரிய விஷயம் வைத்தியத்தில் வேறில்லை.

மாறுவதில் தாமதம் ஒரு தீங்கு என்றால், மாற்று ஏற்பாடில்லாத அவசரமும் தீங்குதான். அதற்கும் குன்னூரே சாட்சி. 2008 ஜனவரியில், கட்டிடமும் இயந்திரங்களும் நவீன விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, குன்னூர், கஸௌலி, கிண்டி ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமத்தைச் சர்க்கார் நிறுத்தி வைத்தது. விதிகள் வேண்டியவைதாம், குழந்தைகளுக்குப் போடும் மருந்து சுத்தமான இடத்தில் தயாராக வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவதா, வீட்டையே பூட்டுவதா? தேசத்துக் குழந்தைகளுக்கான சாதாரணத் தடுப்பூசிகளைக் குறைந்த விலையில் செய்து கொடுத்துவந்த இடங்கள் அவை. பார்லிமெண்டிலும் பத்திரிகைகளிலும் பலத்த ஆட்சேபம் கிளம்பிய பின்னர், 2010 பிப்ரவரியில் உத்தரவு நீக்கப்பட்டது. சீர்திருத்தம் என்பது ஒரு கதவை மூடுவதற்கு முன் மற்றொரு கதவைத் திறந்து வைப்பதாகும்.

இன்னும் சில பழைய பாடங்கள்

ஊசி மட்டுமல்ல, கடிவாயைக் கவனிக்கும் முறையும் புடம் போடப்பட்டிருக்கிறது. கடிவாயைக் காய்ச்சிய இரும்பாலும் கடுமையான அமிலத்தாலும் சுடுவது ஒரு காலத்தில் டாக்டர்களின் வழக்கமாகவே இருந்தது. இன்று அதைச் செய்யலாகாது என்கிறார்கள். சோப்பும் ஓடுகின்ற தண்ணீரும் அமிலத்தைவிடச் சிறந்த வேலை செய்கின்றன. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் சோப்பு அதையும் கரைத்துவிடுகிறது. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் இவையெல்லாம் காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை உள்ளே தள்ளுமே தவிர, வெளியே கொண்டுவரா. சமையலறைச் சாமான்கள் சமையலறையிலேயே இருக்கட்டும். கடிவாயைத் தையல் போட்டு மூடுவதையும் கூடியவரையில் தவிர்க்கிறார்கள்.

பல் பதிந்து ரத்தம் வந்த காயமானால் ஊசி மட்டும் போதாது. ஊசி தன் வேலையைத் தொடங்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரையில் காவல் காக்கத் தயார் நிலையிலுள்ள எதிர்ப்பொருளான சீரத்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்தவேண்டும். 1954-இல் ஈரானில் ஒரே ஓநாய் ஒரே இரவில் பலரைக் கடித்தது. தலையில் கடியுண்டவர்களில் ஊசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர். ஊசியுடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை சீரமும் பெற்ற ஐவரும் பிழைத்தனர். சீரத்தின் மகிமைக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் சீரம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். காயத்தில் கொஞ்சமும் மிச்சத்தைத் தொடையிலும் போடும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. தொடையில் போடுவதால் பெரிய பிரயோஜனம் இல்லை, காயத்தில் போடுவதே முக்கியம் என்று ஹிமாசலப் பிரதேசத்தில் டாக்டர் ஓமேஷ் பார்தி நடைமுறையில் காட்டினார். 2018-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதை ஏற்றுக்கொண்டது. ஒருவருக்குப் போட்ட சீரத்தைப் பலருக்குப் பகிர முடிந்தது. கஸௌலி இருக்கும் அதே மலை நாட்டிலிருந்து உலகத்துக்குப் போன இந்தப் பாடத்துக்காக 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தெருநாய் விஷயமும் நம் காலத்துச் சச்சரவு மட்டும் அன்று. 1926-இல் ஆமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி 60 நாய்களைக் கொல்லச் செய்ததை மகாத்மா காந்தி ஆதரித்து எழுதப்போக, அஹிம்சாவாதிகளிடமிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. 'எங் இந்தியா' பத்திரிகையில் வாரக்கணக்கில் அந்த விவாதம் நடந்தது. நாய்க்கு அன்றைக்குத் தடுப்பூசி சுலபமாக இல்லை, இன்றைக்கு இருக்கிறது. கொல்வதால் நோய் ஒழிவதில்லை, ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் நோய் தானே அறுந்துவிடும் என்பது நிபுணர்களின் முடிவு. கோவாவில் வீடு வீடாக, தெருத் தெருவாக அவ்வாறு போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்று வருஷமாக ஒரு மனிதர்கூட இந்நோயால் இறக்கவில்லை என்று 2021-இல் அம்மாநில முதல் மந்திரி அறிவித்தார். கோவாவில் முடிந்தது கோயமுத்தூரில் முடியாதா?

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு கவலை உண்டு. வெறிநாய் கறவை மாட்டைக் கடித்துவிட்டால், பால் குடித்த வீடெல்லாம் அலறிப் புடைத்துக்கொண்டு ஊசிக்கு ஓடுவதைக் காண்கிறோம். காய்ச்சும் சூட்டில் இந்தக் கிருமி நிற்காது. காய்ச்சிய பால் குடித்தவர்கள் பயப்படவேண்டியதில்லை. நோய் கண்ட மாட்டின் பாலை யாரும் பயன்படுத்தலாகாது. பச்சைப் பால் குடித்திருந்தாலும், அந்த மாட்டின் வாயில் கைவிட்டு மருந்து ஊட்டியிருந்தாலும் டாக்டரைக் கேட்கவேண்டும். பயப்படவேண்டாத இடத்தில் பயமும், பயப்படவேண்டிய இடத்தில் அலட்சியமும் நம்மிடம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

நாயோ, பூனையோ, குரங்கோ கடித்தாலும், தோல் கீறும்படி பிராண்டினாலும், புண்ணின்மேல் நக்கினாலும் முதற் காரியம் குழாயைத் திறப்பது. சோப்புப் போட்டு, ஓடுகின்ற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். கவலையில் இரண்டு நிமிஷமே பதினைந்தாகத் தோன்றும். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம். குட்டி நாய்தானே, வளர்த்த நாய்தானே என்று தவணை சொல்லலாகாது. குட்டிக்கும் இந்நோய் வரும். நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கவனிக்கட்டும்; ஆனால் ஊசியை ஆரம்பித்துவிட்டுக் கவனிக்கட்டும். காயம் ஆறிவிட்டது என்று மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுவதும் கூடாது. நோய் ஆறிய காயத்துக்கு உள்ளேதான் பிரயாணம் செய்யும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளிடம் ஒன்று சொல்லி வைக்கவேண்டும். நாய் கடித்ததை வீட்டில் சொன்னால் அடி விழும், வயிற்றில் ஊசி விழும் என்று பயந்து மறைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. "கண்ணு, நாய் பிராண்டினாலும் உடனே அம்மாவிடம் சொல்லு, யாரும் வைய மாட்டாங்க, கையிலே சின்ன ஊசிதான்" என்று அம்மிச்சிமார்கள் சொல்லி வைத்தால், எந்தச் சர்க்கார் விளம்பரத்தையும்விட அது அதிகம் பலிக்கும். 14 ஊசிக் கதையைச் சொல்லி அடம்பிடிக்கும் குழந்தையை அடக்கியவர்களும் அவர்கள்தாமே? கதையை மாற்றும் பொறுப்பும் அவர்களுடையதே.

குன்னூர் தன்னுடைய பழைய மருந்தை மாற்றிக்கொண்டுவிட்டது. மலைக்குக் கீழே இருக்கும் நாம் நம்முடைய பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. 14 என்ற எண்ணை மறந்துவிடுவோம். 15 நிமிஷச் சோப்புத் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்வோம்.